ஆன்கிராஜின் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது?

ஜூன் 4, இரவு 10.40

வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட் என்ற இணைய ஆட்டத்தைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டது, அவர் வார்த்தையிலேயே: "வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட்டில் ஆன்கிராஜைப் புனித நகரம், கோட்டை நகரம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன். மணல், தூண், வண்டு, இவ்வளவுதான். எகிப்து வேஷம் போட்ட ஒரு ரெய்டு. இதில் கோட்டை எங்கே, புனிதம் எங்கே?"

(ரெய்டு என்றால் பல பேர் குழுவாகப் போய் ஆடும் சண்டைக்களம்.) கோட்டையை முதலில் சொல்கிறேன். காலிம்டோர் கண்டத்தின் தென்மேற்கு மூலையில் சிலிதஸ் பாலைவனம். அதன் தெற்குக் கோடியில் ஸ்கேரப் சுவர், வண்டுச் சுவர். நீங்கள் போனபோது வாசல் திறந்து கிடந்திருக்கும், நேராக உள்ளே நடந்திருப்பீர்கள். அந்தச் சுவர் மூடியிருந்தபோது அதன் கீழே நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

கோட்டைச் சுவரை யார் கட்டுவார்கள்? உள்ளே குடியிருப்பவன், வெளியிலிருந்து வரும் எதிரியைத் தடுக்க. ஆன்கிராஜின் சுவரை எழுப்பியவர்கள் வெளியே இருந்தவர்கள். ஆட்டத்தின் ஓர் இனமான இரவு எல்ஃபுகளும் டிராகன்களும் சேர்ந்து, உள்ளே இருப்பது வெளியே வந்துவிடக் கூடாது என்று எழுப்பிய சுவர் அது. அதைப் புரிந்துகொண்டால் அந்த ஊரின் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஜூன் 4, இரவு 11.30

புனிதத்தை விட்டுவிட்டேன்.

ஊரின் அடியில் கதூன் இருக்கிறது. பழந்தெய்வங்கள் என்று கதையில் சொல்லப்படும் நான்கில் ஒன்று. ஒரு பெரிய கண், அதைச் சுற்றி உணர்கொம்புகள். அங்கே வாழும் கிராஜி இனத்துக்கு அதுதான் கடவுள். நமக்கு அது பிசாசு, அவர்களுக்கு அது சாமி. ஒரு ஊர் புனிதமா இல்லையா என்பதை அந்த ஊர்க்காரர்களிடம்தானே கேட்க வேண்டும்.

கோயிலின் அமைப்பையே பாருங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் எதிர்ப்படும் பாஸ், அதாவது பெரிய எதிரி, ஒரு தளபதியாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். நிற்பவர் தீர்க்கதரிசி ஸ்கெரம். படைத்தளபதி ராஜாக்ஸ் வெளியே இடிபாடுகளில் இருக்கிறார். அதாவது வெளிப்பிராகாரம் படைக்கு, உள்வாசல் பூசாரிக்கு, அதற்கும் உள்ளே இரட்டைப் பேரரசர்கள், கருவறையில் கதூன். எகிப்து வேஷம் மட்டும் என்றால் இந்த வரிசை தேவைப்பட்டிருக்காது. கதூன் சிலித்திட் பூச்சிகளிலிருந்து தன் சாயலில் கிராஜியைப் படைத்தது, அவர்கள் அதற்கு ஊர் கட்டினார்கள்.

ஜூன் 5, காலை 7.15

நேற்றுக் கடைசியாக எழுதிய வரியைத் திருத்துகிறேன். அது 2006-இல் சொல்லப்பட்ட கதை. பின்னால் வந்த விளக்கத்தில் இது மாறிவிட்டது.

பின்னைய கதைப்படி ஆன்கிராஜை முதலில் எழுப்பியது கிராஜி இல்லை. கதூனைத் தோற்கடித்துப் பூமிக்கடியில் அடைத்த பிறகு, அந்தச் சிறையின் மேல் டைட்டன்கள் என்ற தெய்வப் பேருருக்களின் பணியாளர்கள் கட்டிய காவற்கோட்டை அது. காவலுக்கு வைக்கப்பட்டவர்கள் டோல்வீர், கல்லுடம்பு கொண்டவர்கள். வெகு காலம் கழித்து அக்கிர் என்ற பூச்சிப் பேரரசு ட்ரோல்களோடு நடந்த போரில் உடைந்து சிதறியது. வடக்கே போனவர்கள் நெருபியன், இன்னொரு கூட்டம் மாண்டிட், தெற்கே தப்பி வந்தவர்கள் இந்தக் கோட்டையைக் கண்டு, காவலர்களைக் கொன்று, உள்ளே குடியேறினார்கள். அடியில் கிடந்தது அவர்களை மெல்ல மெல்லக் கிராஜியாக மாற்றியது.

ஆக முதலில் சிறை, பிறகு கோயில், வண்டுச் சுவர் வந்த பிறகு மறுபடியும் சிறை. ஒரே கட்டடம். இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும், என் வாதத்துக்கு இதுதான் பலம்.

ஜூன் 5, இரவு 9.00

"ஆன்கிராஜ்" என்று எழுதுவது சரியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆங்கில எழுத்தில் (Ahn'Qiraj) நடுவில் ஒரு அபாஸ்ட்ரபி குறி உண்டு, அங்கே சொல்லைச் சற்று நிறுத்த வேண்டும்: ஆன், கிராஜ். தமிழில் சேர்த்தே எழுதுகிறேன். கதூனை "சி துன்" என்று சொல்லிக்கொண்டு நாங்கள் பல மாதம் திரிந்தோம். கதூன் என்பதே நெருக்கமான ஒலி.

ஜூன் 7, மாலை 6.20

"திறந்தே கிடக்கும் வாசலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்?" என்று முதல் வாசகரே மறுபடி கேட்கிறார். அப்படியானால் 2006-ஐச் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது நான் சிங்கப்பூரில் வேலைக்குப் புதிது. வாடகை அறை, நான்கு பேர், ஒரே இணைய இணைப்பு. என் பிரீஸ்ட், அதாவது என் பூசாரிக் கதாபாத்திரம், அன்றைய உச்சமான அறுபதாம் லெவலைத் தொட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜனவரி 3-ஆம் தேதி 1.9 அப்டேட் வந்தது. வாசல் உடனே திறக்கவில்லை. இரண்டு காரியம் முடிந்தால்தான் திறக்கும் என்று வைத்திருந்தார்கள். ஒன்று, சர்வரில் உள்ள எல்லாருமாகச் சேர்ந்து போருக்கான பொருள் சேர்க்க வேண்டும். இரண்டு, யாராவது ஒருவர் உடைந்துபோன செங்கோலை மறுபடி ஒன்றாக்கிச் சுவருக்கு முன்னால் இருக்கும் சேகண்டியை அடிக்க வேண்டும்.

பொருள் என்றால் என்ன? செம்புக் கட்டி 90,000. துணிக்கட்டு, அதாவது லினன் பாண்டேஜ், 8,00,000. அதற்கு மேல் பட்டு, ரூன்துணி, தோல், மூலிகை, சமைத்த மீன், வறுத்த இறைச்சி. எல்லாம் அயர்ன்ஃபோர்ஜில் வரிசையாக நின்ற படைவீரர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லினன் பாண்டேஜ் ஒரு தடவைக்கு இருபது. எட்டு லட்சத்தை இருபதால் வகுத்துப் பாருங்கள். நாற்பதாயிரம் தடவை யாரோ ஒருவர் அந்தச் சிப்பாய் முன்னால் போய் நிற்க வேண்டும்.

நான் பாண்டேஜ்காரன். வேலை முடிந்து அறைக்கு வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வெஸ்ட்ஃபாலில் டிஃபையாஸ் கொள்ளையரை அடித்துத் துணி எடுப்பேன். அறுபதாம் லெவல் ஆள் பதினைந்தாம் லெவல் காட்டில் துணி பொறுக்குவது. அங்கே புதிதாக ஆடிக்கொண்டிருந்த சின்ன லெவல் பிள்ளைகள் முதலில் திட்டினார்கள், அவர்களுடைய குவெஸ்ட்டுக்கு (ஆட்டம் தரும் பணி) வேண்டிய எதிரிகளை நான் அள்ளிக்கொண்டு போகிறேன் என்று. காரணம் சொன்ன பிறகு அதில் இரண்டு பேர் தங்களிடம் இருந்த துணியைத் தபாலில் அனுப்பினார்கள். ஒருவர் அனுப்பியது ஏழு துண்டு. கவரில் "சுவருக்கு" என்று மட்டும் எழுதியிருந்தது.

அவர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போகவே முடியாத லெவல். போகப்போவதில்லை என்று தெரிந்தும் கொடுத்தார்கள். "புனிதம் எங்கே" என்று கேட்டீர்களே, எனக்கு அந்த ஏழு துண்டு துணிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஜூன் 7, இரவு 8.05

திருத்தம். 90,000 செம்பு சர்வருக்கு மொத்தமாக என்று படிப்பவருக்குத் தோன்றும்படி எழுதிவிட்டேன். ஆட்டத்தில் இரண்டு எதிரணிகள்: எங்கள் அலையன்ஸுக்கு 90,000, ஹோர்டுக்குத் தனியாக 90,000. எட்டு லட்சம் லினன் அலையன்ஸின் பட்டியலில் உள்ளது. ஹோர்டுக்குக் கம்பளித் துணி, மேஜ்வீவ் என்று பட்டியலே வேறு, அவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தது ஆர்கிரிமாரில்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு தரப்பும் முடித்தால்தான் வாசல் திறக்கும். நமக்கும் ஹோர்டுக்கும் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியவே கூடாது என்று வைத்த ஆட்டம் இது. எங்கள் சர்வரில் ஹோர்டு எண்ணிக்கை குறைவு, மூலிகையில் பின்தங்கி நின்றார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் ஹோர்டில் புது கதாபாத்திரம் உருவாக்கி, முதல் லெவலிலிருந்து பீஸ்புளூம் பறித்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய பட்டியலில் பீஸ்புளூம் மட்டும் 96,000.

எல்லாம் சேர்ந்த பிறகும் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும், பொருளெல்லாம் வண்டியில் சிலிதஸுக்குப் போகும் நேரம் அது. அந்த ஐந்து நாளை வைத்தவர் யாரோ, அவருக்குத் திருவிழா என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

ஜூன் 9, இரவு 11.50

செங்கோல் ஏன் உடைந்தது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தின் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு முன்னால் பெயரும் மணலின் போர். கிராஜிப் படை சிலிதஸிலிருந்து பொங்கி வந்தபோது இரவு எல்ஃபுகளுக்குத் தலைமை தாங்கியவர் ஃபாண்ட்ரல் ஸ்டாக்ஹெல்ம். அவருக்கு ஒரே மகன், வால்ஸ்டான். சவுத்விண்ட் கிராமத்தைக் காக்க மகன் தனியாகப் போக, கிராமம் விழுந்தது. ராஜாக்ஸ் அந்த மகனை உயிரோடு பிடித்துவந்து, தகப்பன் கண்முன்னால் இரண்டாகக் கிழித்தான்.

அதன் பிறகு ஃபாண்ட்ரலுக்குப் போரில் மனம் ஓடவில்லை. படை பின்வாங்கிப் பின்வாங்கித் தனாரிஸ் வரை போனது. கிராஜிகள் காலத்தின் குகைகளைத் தாக்கிய பிறகுதான் வெண்கல டிராகன்கள் இறங்கின. அவர்களில் அனாக்ரோனோஸ் மற்ற குலங்களை அழைத்தார். பச்சைக் குலத்திலிருந்து மெரித்ரா, சிவப்பிலிருந்து கேலஸ்ட்ராஸ், நீலத்திலிருந்து ஆரிகோஸ். மூவருமே தங்கள் குலத் தலைவர்களின் சொந்தப் பிள்ளைகள். அவர்கள் வந்தும் பூச்சிக்கூட்டம் குறையவில்லை. வெல்ல முடியாது, அடைக்கத்தான் முடியும் என்று ஆயிற்று. அடைக்கச் சற்று நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கித் தர இந்த மூவரும் ஊருக்குள் பறந்து போனார்கள். வெளியே அனாக்ரோனோஸும் எல்ஃபுகளும் மந்திரம் ஓதச் சுவர் எழும்பியது. மூவரும் உள்ளேயே நின்றுவிட்டார்கள்.

சுவரைத் திறக்கும் செங்கோலை அனாக்ரோனோஸ் ஃபாண்ட்ரலிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி அந்த வாசலிலேயே வீசி உடைத்தார். இந்த வெற்றியில் என் பிள்ளைக்கு ஆறுதல் இல்லை, எனக்கு இந்தச் செங்கோலும் வேண்டாம், உங்கள் டிராகன்களும் வேண்டாம் என்ற அர்த்தத்தில் பேசிவிட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் ஏதோ புத்தகக் குறிப்பில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். செங்கோல் குவெஸ்ட்டில் சுவருக்கு முன்னால் ஒரு படிகக் கண்ணீர் இருக்கும். அதைத் தொட்டால் அந்த நாள் முழுவதும் நம் கண்முன்னால் நடக்கும். எங்கள் கில்டில் (சேர்ந்தே ஆடும் குழு) அந்தக் குவெஸ்ட் செய்தவர் தொட்டபோது நாங்கள் முப்பது பேர் மணலில் உட்கார்ந்து பார்த்தோம். சாட்டில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 10, காலை 6.40

செங்கோல் துண்டுகள் மூன்று. சிவப்புக்கு நெஃபேரியன் என்ற டிராகனை ஐந்து மணி நேரத்துக்குள் வீழ்த்த வேண்டும், பச்சைக்கு மூன்கிளேட் பகுதியில் எரானிகஸ் என்ற டிராகனை எதிர்கொள்ள வேண்டும், நீலத்துக்கு அசுரெகோஸ் என்ற டிராகனிடமிருந்து தொடங்கும் நீண்ட அலைச்சல். அதற்கு முன்னால் வெண்கலக் குலத்திடம் நன்மதிப்பு சேர்ப்பது தனி வேலை. ஒரு சர்வரில் ஒருவர் இதை முடிக்க ஒரு கில்டு முழுக்க உழைக்க வேண்டியிருந்தது. சேகண்டி அடித்தவருக்கு ஸ்கேரப் லார்டு பட்டமும் கறுப்பு வண்டு வாகனமும் கிடைக்கும். முதல் அடி விழுந்த பத்து மணி நேரத்துக்குள் தங்கள் செங்கோலோடு வந்து அடித்த மற்றவர்களுக்கும் உண்டு. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு இல்லை.

ஜூன் 12, இரவு 10.10

முதல் வாசகருக்குக் கோபம் வந்திருக்கிறது: "எகிப்தைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலே இல்லை." நியாயம்தான்.

ஆமாம், எகிப்துதான். அனுபிசாத் என்ற காவலர்களின் பெயரே அனுபிஸிலிருந்து வருகிறது, நரித்தலைத் தெய்வம், இறந்தவர்களைக் காப்பவர். அதை ஒரு சிறையின் காவலுக்கு வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வண்டுக்கும் அப்படித்தான். பழைய எகிப்தில் சாணி வண்டு கெப்ரி என்ற தெய்வத்தோடு சேர்ந்தது, விடியற்காலைச் சூரியன். உருண்டை உருட்டிக்கொண்டு போகும் வண்டைப் பார்த்துச் சூரியனை உருட்டிக்கொண்டு வருபவரை நினைத்தார்கள். மறுபிறப்பின் அடையாளம் அது. சவத்தின் நெஞ்சில் கல்வண்டு வைப்பார்கள், மறுமைத் தீர்ப்பில் இதயம் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. எகிப்தில் வண்டு வடிவக் கல்லின் அடிப்பக்கத்தில் எழுத்துப் பொறித்து முத்திரையாகப் பயன்படுத்தினார்கள். ஈரக் களிமண்ணில் அழுத்தி மூடியதற்கு அடையாளம் வைப்பார்கள். வண்டு என்றால் முத்திரை. இப்போது "வண்டுச் சுவர்" என்ற பெயரைத் திரும்பப் படித்துப் பாருங்கள். வடிவமைத்தவர்கள் இதை நினைத்து வைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் அந்த வேலையைச் செய்கிறது.

வேஷம் என்றீர்கள். அதை அலங்காரத்துக்குப் போட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான். ஆட்டத்தில் பின்னால் வந்த உல்டம் என்ற பாலைவனப் பகுதியில் எனக்கு அப்படித்தான் தோன்றியது, பிரமிடு, ஒட்டகம் என்று அடுக்கியிருப்பார்கள். ஆன்கிராஜில் ஒட்டகம் கிடையாது. வெயில்கூட உள்ளே போகப் போகக் குறைந்துவிடும்.

ஜூன் 13, இரவு 9.30

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். பாஸ் வரிசையை எல்லாரும் எழுதியாயிற்று, எனக்கு ஞாபகத்தில் நிற்பதை மட்டும் சொல்கிறேன்.

இடிபாடுகள், இருபது பேர் ரெய்டு. தலைக்கு மேல் திறந்த வானம். ராஜாக்ஸ் படை அலை அலையாக வரும். நம் பக்கத்தில் ஆண்டரோவ் என்ற தளபதியும் நான்கு எல்ஃப் வீரர்களும் நிற்பார்கள். ஃபாண்ட்ரலின் மகன் கதை தெரிந்து அந்தச் சண்டைக்குப் போவது வேறு, தெரியாமல் போவது வேறு. ஹீலர்கள், அதாவது காயம் ஆற்றுபவர்கள், நாங்கள் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு அந்த நான்கு எல்ஃபுகளையும் சாகவிடாமல் காப்போம். அதனால் நமக்கு எந்த லாபமும் இல்லை, ஆண்டரோவ் பிழைத்தால் மட்டும் கொஞ்சம் சரக்கு விற்பார்.

கோயில், நாற்பது பேர் ரெய்டு. இங்கே ஒரு விசித்திரம்: உள்ளேயே வாகனத்தில் ஏறலாம். நம் குதிரையெல்லாம் செல்லாது. அங்கேயே கிடைக்கும் வண்டு வாகனங்கள், நீலம், பச்சை, மஞ்சள், அபூர்வமாகச் சிவப்பு. தாழ்வாரங்கள் அவ்வளவு நீளம். நாற்பது பேர் வண்டு மேல் ஏறி அந்தச் சரிவில் இறங்கும்போதுதான் இது வீடில்லை, ஊர் என்று உறைக்கும்.

இரட்டைப் பேரரசர்கள் வெக்லோர், வெக்நிலாஷ். ஒருவருக்கு ஆயுதம் ஏறாது, இன்னொருவருக்கு மந்திரம் ஏறாது. இருவருக்கும் ஒரே உயிர். பக்கத்தில் வந்தால் ஒருவரை ஒருவர் ஆற்றிக்கொள்வார்கள். திடீரென்று இடம் மாறிவிடுவார்கள். வெக்லோரைத் தாங்க வார்லாக் என்ற மந்திரவாதி ஒருவரை டேங்காக, அதாவது அடியைத் தாங்குபவராக, நிறுத்த வேண்டும், அது அந்தக் காலத்தில் கேள்விப்படாத ஏற்பாடு. 2006-இல் எங்கள் கில்டு இந்த இருவரிடம் ஏழு வாரம் நின்றது. எட்டாவது வாரம் ஆள் சேரவில்லை. அதோடு முடிந்தது.

ஆகக் கதூனை நான் அப்போது பார்க்கவே இல்லை. கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். கோயிலுக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே அது தனித்தனியாக நம் காதில் முணுமுணுக்கும். மரணம் பக்கத்தில் இருக்கிறது என்கும். உன் நண்பர்கள் உன்னைக் கைவிடுவார்கள் என்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அது கேட்காது. முதல் தடவை வந்தபோது கில்டு ஆள் யாரோ விளையாடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஜூன் 13, இரவு 11.15

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "கதூனை முதலில் யார் வீழ்த்தினார்கள்?" என்று கேட்டவருக்கு: நிஹிலம் என்ற ஐரோப்பிய கில்டு, 2006 ஏப்ரலில். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை உலகத்தில் ஒருவராலும் முடியவில்லை. முதலில் வந்த வடிவத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாலே ஜெயிக்க வழியில்லை. சண்டையைத் திருத்திய பிறகே விழுந்தது. அந்த மூன்று மாதமும் அது உண்மையிலேயே தெய்வமாக இருந்தது என்பது என் எண்ணம். கதையில் சொல்லியபடியே, மனிதரால் ஆகாத ஒன்றாக.

ஜூன் 15, காலை 8.00

வாசல் திறந்த இரவு எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

சிலிதஸில் நின்றேன். முழு சர்வரும் அங்கேதான். ஒரு அடி எடுத்து வைத்தால் அரை நிமிடம் கழித்துத்தான் கால் நகரும். சேகண்டி அடிப்பவர் மேடைக்கு வந்துவிட்டார் என்று சாட்டில் ஓடியது. அப்போது எங்கள் அறை இணைப்பு அறுந்தது. நாற்பது நிமிடம். திரும்ப வந்தபோது வாசல் திறந்திருந்தது, வானம் நிறம் மாறியிருந்தது, மலை மாதிரி அனுபிசாத்கள் பாலைவனத்தில் நடந்துகொண்டிருந்தன. தரையெல்லாம் எலும்புக்கூடு. பத்து மணி நேரப் போரில் ஒன்பதுக்கு மேல் எனக்குக் கிடைத்தது, ஆனால் சுவர் திறந்த அந்த ஒரு நொடி இல்லை.

பதினான்கு வருடம் அது மனதில் கிடந்தது. மிகையாகச் சொல்லவில்லை.

ஜூன் 18, இரவு 10.45

2019-இல் கிளாசிக் வந்தது, பழைய ஆட்டத்தைப் பழையபடியே தந்தார்கள். 2020 ஜூலை 28-இல் ஆன்கிராஜ் கட்டம் தொடங்கியது. ஊரடங்குக் காலம், நான் திருச்சியில் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். மறுபடி லினன், மறுபடி பாண்டேஜ். மக்கள் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததால் 2006 மாதிரி இழுக்கவில்லை, மளமளவென்று நிரம்பியது.

அக்கா மகளுக்கு அப்போது பதினொரு வயது, பள்ளிக்கூடம் இல்லாததால் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஃபாண்ட்ரல் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன். சேகண்டி அடிக்கும் இரவு, நான் படபடப்பாக மவுசைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் கேட்டாள்: "மாமா, அவ்வளவு கஷ்டப்பட்டு அடைச்சு வச்சதை ஏன் நீங்க திறக்கறீங்க?"

சுவர் வெடித்து விழுந்தது, இந்தத் தடவை கண்ணாரப் பார்த்தேன். வேரும் கல்லும் மணலுக்குள் இறங்கி, உள்ளேயிருந்து அந்த நிறம் வந்தது. ஆனால் பாதி மனம் அவள் கேள்வியில்தான் இருந்தது.

கதையில் பதில் உண்டு. கதூன் பலம் சேர்த்துக்கொண்டிருக்கிறது, சுவர் என்றைக்காவது தானாக உடையும், அதற்கு முன்னால் நாமே போய் முடிக்க வேண்டும் என்று. அதைத்தான் அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். நம்பியது மாதிரித் தெரியவில்லை.

ஜூன் 19, காலை 6.10

இரவெல்லாம் யோசித்தேன். ஜூன் 4-ஆம் தேதி சுவரைப் பற்றி நான் சொன்னது பாதிதான் சரி.

உள்ளே இருப்பது வெளியே வராமல் தடுக்கக் கட்டிய சுவர் என்றேன். உள்ளே யார் யார் இருந்தார்கள்? கிராஜி, கதூன். அப்புறம் அந்த மூன்று டிராகன்கள். அவர்கள் நம் ஆட்கள். சுவர் அவர்களையும் சேர்த்துத்தான் அடைத்தது. அனாக்ரோனோஸ் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தபோது தன் தோழர்களின் மேல் கதவைச் சாத்துகிறோம் என்று தெரிந்தே ஓதினார். ஃபாண்ட்ரல் செங்கோலை உடைத்தபோது தன் மகனை மட்டும் நினைத்தார். அந்தச் செங்கோல் இல்லாவிட்டால் அந்த மூவரையும் யாரும் போய்ப் பார்க்கக்கூட முடியாது என்பதை நினைக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஆனால் ஆயிரம் வருடம்.

கேள்வி கேட்ட வாசகருக்கும் இதையே சொல்கிறேன். கிராஜிகளுக்கு அந்த ஊர் ஏன் புனிதம் என்று எழுதினேன். வெளியே நின்ற நமக்கு அது ஏன் அப்படி என்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஜூன் 19, இரவு 9.20

"அந்த மூவரும் செத்துப்போனவர்கள்தானே?" என்று தம்பி கேட்கிறான். 2006-இல் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரட்டையர்களிடமே நின்றுவிட்டதால் எனக்குத் தெரிய வழியில்லை.

2020 இறுதியில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் கில்டு கதூனை வீழ்த்தியது. எல்லாரும் பத்து கெஜம் இடைவெளி விட்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் அதன் பச்சை ஒளி ஆளுக்கு ஆள் தாவிப் பெருகி நாற்பது பேரையும் முடித்துவிடும். சிவப்புக் கதிர் சுற்றும்போது அதற்கு முன்னால் ஓட வேண்டும். இரண்டாம் கட்டத்தில் ஆட்களை விழுங்கும், வயிற்றுக்குள் உள்ள இரண்டு கொம்புகளை அறுத்தால்தான் மேலே இருப்பவர்களின் அடி ஏறும். நான் இரண்டு முறை விழுங்கப்பட்டேன்.

அது விழுந்ததும் எல்லாரும் சாமான் பங்கிடப் போனார்கள். அக்கா மகள் தூங்கவில்லை, பதினொன்றரை மணி. "அந்த டிராகனெல்லாம் எங்க மாமா?" என்றாள். வண்டு மேல் ஏறித் தேடினேன். கோயிலின் ஆழத்தில் மூவரும் இருந்தார்கள். மெரித்ரா, கேலஸ்ட்ராஸ், ஆரிகோஸ். உயிரோடு. சண்டையில்லை, அருகில் போய்ப் பேசலாம்.

நான் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாதியில் நிறுத்தி, "நாம கொடுத்த பாண்டேஜ் இவங்களுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 20, காலை 7.00

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: இப்போதைய லெவலில் தனியாகவே போகலாம், நாற்பது பேர் வேண்டாம். சிலிதஸ் பழையபடி இருக்காது. சார்கெரஸ் என்ற வீழ்ந்த டைட்டனின் வாள் பாலைவனத்தில் குத்தி நிற்கிறது, வானத்தின் பாதியை மறைக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடாதீர்கள். தெற்கே திரும்பினால் வாசல். நுழையும் முன் வெளியே அந்தச் சேகண்டி மேடையில் கொஞ்ச நேரம் நின்று சுவரைப் பாருங்கள்.

முதல் வாசகர் இன்று இரவு போவதாக எழுதியிருக்கிறார். நானும் வருகிறேன். எட்டு மணிக்கு சிலிதஸின் செனாரியன் ஹோல்டு முகாமில் நிற்பேன்.